முப்பது டிகிரி வெக்கையில் திராட்சை ஒயின்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் ஆறு புட்டி எடுக்கும் முறை

கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் வீடுகளில் வழிவழியாக ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, ஒரு கிலோ சீனி, இரண்டு லிட்டர் ஆறிய வெந்நீர், ஒரு கரண்டி ரொட்டி ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை. எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டுத் துணி கட்டி 21 நாள் வைத்தால் ஒயின். குடிக்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒயினைவிடத் திராட்சைப் பாகுதான் நெருங்கிய உறவு.

ஏன் என்று கணக்கே சொல்லும். மதுச்சத்து 1 விழுக்காடு கூட, லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவாகும். மேலே சொன்ன ஜாடியில் பழத்தின் இனிப்பையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 350 கிராம் இருக்கிறது. அத்தனையும் மதுவாக வேண்டுமானால் 20 விழுக்காட்டைத் தொட வேண்டும். ரொட்டி ஈஸ்ட் 12 விழுக்காட்டுப் பக்கத்திலேயே களைத்து விழுந்துவிடும். மிச்சம் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சீனி, பாட்டிலில் விற்கும் கோலாவைவிட அதிகம். கோதுமை "காரம்" கூட்டும் என்பதும் நம்பிக்கைதான். மாவுச்சத்தை ஒயின் ஈஸ்டாலோ ரொட்டி ஈஸ்டாலோ நேரடியாகத் தின்ன முடியாது. கோதுமை தருவது பெரும்பாலும் கலங்கல்.

கீழே வரும் முறையில் தண்ணீர் கிடையாது, சீனி கொஞ்சம்தான், ஈஸ்ட் ஒயினுக்கென்றே வளர்த்தது. முக்கால்வாசி வேலை சூட்டோடு மல்லுக்கட்டுவது. சிங்கப்பூரில் பகலில் 31 முதல் 33 டிகிரி. மூடிய சமையலறையில் இரவிலும் 28க்குக் கீழே இறங்குவது அரிது. ஈஸ்டுக்கு அது சாகும் சூடு அல்ல, ஆனால் தறிகெட்டு ஓடும் சூடு. 30 டிகிரிக்கு மேல் அவசர அவசரமாக வேலை செய்யும்போது ஃபியூசல் எனப்படும் கனமான மதுக்கள் அதிகம் உருவாகும். நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற நெடியும் தொண்டையில் எரிச்சலும் அதன் அடையாளங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

வீட்டில் சொந்தப் பயனுக்கு நொதித்த பானம் செய்ய உரிமம் தேவையில்லை. செய்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, தாம் வசிக்கும் வீட்டிலேயே செய்ய வேண்டும், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. கடைசி நிபந்தனையில் விளையாட்டு வேண்டாம். வடித்தால் அது உரிமமில்லாச் சாராயம்.

கடையில் வாங்கும் ஒயினுக்குத் தீர்வை தூய மதுச்சத்தின் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு கொண்ட 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுக்கு 8 வெள்ளி 58 காசு தீர்வையாகவே போகிறது. அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி.

சாமான்கள்

உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, 15 லிட்டர், மூடியுடன். 5 லிட்டர்க் கண்ணாடிக் குடுவை ஒன்று, அதன் வாய்க்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பான், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக். மிஞ்சுவதை வைக்க ஒரு லிட்டர்க் கண்ணாடிப் புட்டி. ஒன்றரை மீட்டர் சைஃபன் குழாய். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரும் அதற்கான உயரக் குழலும். வெப்பமானி, பிஎச் தாள், நைலான் வடிகட்டிப் பை. பொடிகளில் கேம்ப்டன் மாத்திரை அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (இரண்டுமே கிருமியை அடக்கும் சல்ஃபைட்), பழத்தின் பெக்டினைச் சிதைக்கும் பெக்டிக் என்சைம், டார்டாரிக் அமிலம், ஈஸ்ட் ஊட்டச்சத்து. வீட்டில் பியர் செய்பவர்களுக்கான கடைகளிலும் இணையத்திலும் இவை கிடைக்கும்.

ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நம் தட்பவெப்பத்துக்கு இசி-1118 பாதுகாப்பான தேர்வு. ஷாம்பேன் வட்டாரத்திலிருந்து பிரித்தெடுத்த இந்த வகை 10 முதல் 30 டிகிரிவரை வேலை செய்யும். 18 விழுக்காடுவரை தாக்குப்பிடிக்கும். அடியில் இறுக்கமாகப் படியும். பழவாசம் கூடுதலாக வேண்டுமானால் 71பி. 5 கிராம் பாக்கெட் ஒன்றே போதும்.

எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, பிறகுதான் கிருமிநீக்கம். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வீண். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் மெட்டாபைசல்ஃபைட், 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக் கருவிகளை நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. அந்த வாயு மூச்சை அடைக்கும்.

பழம்

ஆறு புட்டி என்றால் 4.5 லிட்டர். ஒரு கிலோ பழத்திலிருந்து முடிவில் 600 முதல் 650 மில்லிலிட்டர்தான் தேறும் என்பதால் 7 கிலோ வாங்க வேண்டும்.

ஒயின் செய்வதற்கென்றே வளர்க்கும் திராட்சை சின்னது, தோல் தடித்தது, விதை நிறைந்தது, 22 முதல் 26 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய இத்தனை கிராம் சர்க்கரை) இனிப்பு உடையது. நாம் தேக்காவிலோ அக்கம்பக்க ஈரச்சந்தையிலோ வாங்குவது தின்பதற்கான பழம்: பெரிது, சதைப்பற்று அதிகம், தோல் மெல்லிது, இனிப்பு பெரும்பாலும் 16 முதல் 18 பிரிக்ஸ், புளிப்பும் குறைவு. கையில் இருப்பது இதுதான் என்று தெரிந்துகொண்டு சமாளிக்க வேண்டும்.

விதையுள்ள கறுப்பு வகை எது கிடைத்தாலும் அதற்கே முதலிடம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் அள்ளலாம். அது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை, ஒயினுக்கும் தோதானது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. விதையில்லாச் சிவப்புத் திராட்சையில் செய்தால் ரோஜா நிற ஒயின்தான் வரும். கியோஹோ என்னும் ஜப்பானியத் திராட்சை நன்றாக மணக்கும், ஆனால் அந்த மணம் ஒயினிலும் மிட்டாய் மாதிரியே நிற்கும். சிலருக்குப் பிடிக்கிறது.

நிறம் ஏன் பழத்துக்குப் பழம் மாறுகிறது? கறுப்புத் திராட்சையில் பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றது. சாயம் முழுக்கத் தோலில். பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையை உடனே பிழிந்து தோலை அகற்றிவிடுவதால்தான் அதிலிருந்து வெளிர்நிற ஷாம்பேன் கிடைக்கிறது. அப்படியானால் மெல்லிய தோலிலிருந்து நிறத்தைக் கறக்க என்ன வழி? உறையவைப்பது. காம்பு நீக்கி, பூசணம் பிடித்ததையும் பிளந்ததையும் எறிந்துவிட்டு, கழுவி, நீர் வடிந்தபின் பைகளில் போட்டு ஒருநாள் ஃபிரீசரில் வையுங்கள். பனித்துகள்கள் தோலின் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போதே சாறு சிவந்து வரும். வெக்கையில் குளிர்ந்த கூழோடு தொடங்குவது கூடுதல் ஆதாயம்.

உருகியதைச் சுத்தமான கையால் வாளிக்குள் பிசையுங்கள். மிக்சி வேண்டவே வேண்டாம். அது விதையை உடைக்கும். உடைந்த விதையின் கசப்பை எந்தச் சீனியும் மறைக்காது. காலால் மிதிக்கும் பழைய வழக்கத்திலும் இதே நியாயம் இருக்கிறது. பாதம் பழத்தை நசுக்கும், விதையை விட்டுவிடும்.

பிசைந்ததும் ஒரு கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்குங்கள். பழத்தோடு வந்த காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அது அடக்கும். 12 மணி நேரம் கழித்துப் பெக்டிக் என்சைம், பாக்கெட்டில் சொன்ன அளவு. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் சல்ஃபைட் என்சைமைக் கெடுத்துவிடும். மேலும் 12 மணி நேரம் துணி மூடி வையுங்கள்.

சீனியும் புளிப்பும்

கொஞ்சம் சாறு வடித்து ஹைட்ராமீட்டரை மிதக்கவிடுங்கள். 17 பிரிக்ஸ் பழம் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.070 காட்டும். நமக்கு வேண்டியது 1.090. ஒப்படர்த்தி 0.010 உயர லிட்டருக்குச் சுமார் 27 கிராம் சீனி. 5 லிட்டர்ச் சாற்றில் 0.020 உயர்த்த 270 கிராம். ஒரு கிலோ அல்ல, கால் கிலோவுக்குச் சற்று மேல். கொஞ்சம் சாற்றிலேயே கரைத்து ஊற்றுங்கள். இது ஏமாற்று வேலை இல்லை. 1801இல் இதைப் பரிந்துரைத்து எழுதிய பிரெஞ்சு வேதியியலாளர் ஷான் அந்துவான் சாப்தாலின் பெயரால் இந்த வழக்கத்துக்குச் சாப்டலைசேஷன் என்றே பெயர். இத்தாலியில் தடை, பிரான்சின் பர்கண்டியில் அனுமதி.

ஹைட்ராமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 30 டிகிரிச் சாற்றில் அது குறைத்துக் காட்டும், 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே செய்பவர்கள் அதிகம் மறக்கும் திருத்தம் இது.

அடுத்தது பிஎச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 3.3க்கும் 3.6க்கும் இடையே இருந்தால் நல்லது. தின்னும் திராட்சை 3.8, 4.0 என்று காட்டினால் லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் கலந்து மீண்டும் அளந்து பாருங்கள். தேவையானால் இன்னும் ஒன்று. 3 கிராமுக்கு மேல் போக வேண்டாம். பிஎச் உயர்ந்தே இருந்தால் சல்ஃபைட் வேலை செய்யாது, நிறம் மங்கும், பாக்டீரியா குடியேறும்.

டார்டாரிக் அமிலம் நமக்குப் புதிதல்ல. ரசத்தில் கரைக்கும் புளியின் புளிப்பு பெரும்பாலும் அதுதான். பழங்களில் இது அதிகமாக இருப்பது அரிது, திராட்சையும் புளியும் அந்தச் சில விதிவிலக்குகள். பழைய பானை ஓட்டில் இதன் சுவடு கிடைத்தால் தொல்லியலாளர்கள் ஒயினைத் தேடுவதும் அதனால்தான். ஜார்ஜியா நாட்டில் கிட்டத்தட்ட கி.மு. 6000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓடுகளில் இந்த அமிலம் இருந்ததை வைத்தே, மிகப் பழைய திராட்சை ஒயினுக்கான சான்று அங்கே என்று 2017இல் அறிவித்தார்கள். அதற்காகப் புளியைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பெக்டினும் நிறமும் வாசமும் கூடவே வந்துவிடும்.

ஈஸ்ட் போடுதல்

50 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர், 35 முதல் 40 டிகிரி. அதன் மேல் ஈஸ்டைத் தூவி 15 நிமிடம் விடுங்கள். பிறகு மெல்லக் கலக்குங்கள். ஃபிரீசரிலிருந்து வந்த கூழ் இன்னும் சில்லென்று இருந்தால் ஈஸ்டுக்கு அதிர்ச்சி. இரண்டுக்கும் வெப்ப வித்தியாசம் 10 டிகிரிக்குள் வரும்வரை, கூழை ஒவ்வொரு கரண்டியாக ஈஸ்டில் சேர்த்து ஆற்றிவிட்டு ஊற்ற வேண்டும். மாலையில் போடுவது நல்லது. வேகம் எடுக்கும் நேரம் இரவில் அமையும்.

முதல் ஏழு நாள்

ஜார்ஜியாக்காரர்கள் குவேவ்ரி என்னும் பெரிய மண் சாடியைத் தரையில் கழுத்துவரை புதைத்து ஒயின் செய்கிறார்கள். மண் சூட்டை ஒரே சீராக வைத்திருக்கும். பன்னிரண்டாம் மாடியில் புதைக்க மண்ணுக்கு எங்கே போவது? காய்கறிக் கடைக்கு புரோக்கோலி வந்திறங்கும் தெர்மோகோல் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். மீன்பெட்டி வேண்டாம், வாடை போகாது. அடியில் ஓட்டை இருந்தால் டேப் ஒட்டி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, வாளியை வைத்துச் சுற்றிலும் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 1.5 லிட்டர்த் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து அந்த நீரில் மிதக்கவிடுங்கள். ஒரு போத்தல் பனி உருகினால் நீரும் கூழுமாகச் சேர்ந்த 17 கிலோவை ஏழு டிகிரி இறக்கும் என்பது கணக்கு. பெட்டியின் சுவர் வழியே புகும் சூட்டையும் நொதித்தலே கிளப்பும் சூட்டையும் கழித்தால் நான்கு அல்லது ஐந்து டிகிரி நிஜமாகக் கிடைக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று மாற்றிக்கொண்டே வந்தால் 24 முதல் 26 டிகிரியில் நிறுத்திவிடலாம். சிவப்பு ஒயினுக்கு இது தாராளம். ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைக்கும் வழியைக் குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் அதில் பலன் சொற்பம்.

ஒரு எச்சரிக்கை: பெட்டியில் நிற்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பிதழ். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது "ஒயினுக்காக" என்ற விளக்கம் செல்லாது. ஒருநாள் விட்டு ஒருநாள் நீரைக் கொட்டி, பையின் ஓரங்களைத் தேய்த்துவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள்.

நொதித்தல் தொடங்கியதும் தோல்கள் மேலே எழும்பித் தடித்த ஆடைபோல் நிற்கும். நாளுக்கு மூன்று தடவை, சுத்தம் செய்த கரண்டியால் அதை அமுக்கி மூழ்கடியுங்கள். நிறம் இறங்குவது இதனால்தான். ஒருநாள் சோம்பினாலும் உலர்ந்த ஆடையின் மேல் காடிப் பாக்டீரியா குடியேறும். பழ ஈக்கள் அதைக் கூட்டிவரும், ஆகவே துணியை இறுக்கமாகக் கட்டுங்கள். எறும்புக்குப் பெட்டியின் நீரே அகழி.

மூடியை மட்டும் இறுக்க வேண்டாம். 5 லிட்டர்ச் சாறு மதுவாகும் காலத்தில் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும்.

இரண்டாம் நாளும், ஒப்படர்த்தி 1.060 ஆனதும் ஈஸ்ட் ஊட்டச்சத்தைப் பாதி பாதியாகக் கொடுங்கள். தின்னும் திராட்சையில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் பற்றாமல் போவதுண்டு. பசித்த ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும்.

பிழிவதும் குடுவைக்கு மாற்றுவதும்

ஒப்படர்த்தி 1.020 முதல் 1.010க்குள் இறங்கியதும், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில், நைலான் பையில் ஊற்றிப் பிழியுங்கள். தானாக வடிவதுதான் நல்ல பகுதி. கடைசிச் சொட்டுவரை முறுக்கினால் சக்கையின் கசப்பும் சேர்ந்துவரும். குடுவையில் ஊற்றி ஏர்லாக் மாட்டுங்கள். முதல் இரண்டு நாள் நுரைக்கு இடம்விட்டு, அடங்கியதும் கழுத்துவரை நிரப்பிவிட வேண்டும். மிஞ்சியதைச் சின்னப் புட்டியில் வைத்துக்கொண்டால் பின்னால் நிரப்ப உதவும்.

குமிழி நின்றது என்பதை முடிந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ராமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணை, 0.998க்குக் கீழே, காட்ட வேண்டும். தண்ணீரைவிட மது இலேசானது என்பதால்தான் எண் ஒன்றுக்கும் கீழே போகிறது. 1.090இல் தொடங்கி 0.995இல் முடிந்தால் வித்தியாசம் 0.095, அதை 131 ஆல் பெருக்கினால் 12.4 விழுக்காடு.

மண்டி இறக்குதல்

அடியில் படிந்த மண்டியை அசைக்காமல் சைஃபன் குழாயால் தெளிவை வேறு பாத்திரத்துக்கு எடுத்து, குடுவையைக் கழுவி மீண்டும் ஊற்றுங்கள். குழாய் முனை பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். மேலிருந்து சலசலவென விழுந்தால் காற்று கலக்கும். ஒரு மாத்திரை கேம்ப்டன். இந்தச் சூட்டில் மண்டியோடு விட்டுவைத்தால் செத்த ஈஸ்ட் சிதைந்து கெட்ட வாடை தரும், ஆகவே நொதித்தல் முடிந்த ஒரு வாரத்துக்குள் முதல் தடவை. ஐந்து வாரம் கழித்து இரண்டாம் தடவை.

பிறகு குடுவையை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு வாரம் வையுங்கள். கலங்கல் இறங்குவதோடு, அடியில் கண்ணாடித் துகள்போலப் பளிச்சிடும் படிகங்களும் சேரும். பயப்பட வேண்டாம், பேக்கிங் செய்பவர்கள் பயன்படுத்தும் கிரீம் ஆஃப் டார்டார் அதுவே. வைரம் என்று செல்லமாகச் சொல்வார்கள். இளைஞர் லூயி பாஸ்டர் 1848இல் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருக்கும் இரு வகைகளைக் கையால் பிரித்தெடுத்தார். மூலக்கூறுகளுக்கும் இடக்கை வலக்கை உண்டு என்ற கண்டுபிடிப்பு ஒயின் தொட்டியின் படிவிலிருந்து புறப்பட்டது.

புட்டியில் அடைத்தல்

ஆறு திருகுமூடிப் புட்டிகளை ஊறவைத்துக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். இன்னொரு கேம்ப்டன் மாத்திரை கரைத்து, மூடிக்குக் கீழே இரண்டு செண்டிமீட்டர் இடம்விட்டு நிரப்பலாம்.

இனிப்பு வேண்டும் என்பவர்களுக்கு: ஒயின் தெளிந்தபிறகு மாத்திரையோடு லிட்டருக்கு 0.25 கிராம் பொட்டாசியம் சார்பேட் சேர்த்து, ஒருநாள் கழித்துச் சீனி. லிட்டருக்கு 20 கிராமிலிருந்து சுவைத்துப் பார்த்துக் கூட்டலாம். சார்பேட் இல்லாமல் சீனி போட்டு மூடினால் மிஞ்சிய ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். 24 கிராம் என்றால் ஆறு. ஷாம்பேனின் அழுத்தம் அதுதான், அதற்கென்றே தடித்த கண்ணாடி இருக்கிறது. சீனி சேர்த்து ஒயினை நுரைக்கவைப்பதைப் பற்றி 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் கட்டுரை படித்தார். இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் உருவான புட்டிகள் அந்த அழுத்தத்தைத் தாங்கின. சாதாரண ஒயின் புட்டி தாங்காது, கடைசியில் கண்ணாடிச் சில்லுகளைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஒயினுக்கு உகந்த சேமிப்புச் சூடு 12 முதல் 14 டிகிரி. அலமாரிக்குள் 29இல் வைத்த புட்டி சில மாதத்திலேயே வெந்த பழவாடை அடிக்கும். ஃபிரிட்ஜில் இடம் பிடியுங்கள், குடிப்பதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டுமானால் ஆகஸ்ட் நடுவில் தொடங்க வேண்டும். இந்த ஒயின் எட்டு, ஒன்பது மாதத்துக்குமேல் நல்லதாக மாறப்போவதில்லை.

கெட்டுப்போனால்

பாதியில் நின்றுவிட்டது, ஒப்படர்த்தி 1.030: பெரும்பாலும் சூடு 33ஐத் தாண்டியிருக்கும் அல்லது ஊட்டம் பற்றவில்லை. 24 டிகிரிக்கு இறக்கி, புது இசி-1118ஐ ஒரு குவளைச் சாற்றில் பொங்கவைத்து, நின்றுபோன ஒயினை ஊற்றி அந்தக் குவளையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய்க் கடைசியில் முழுவதையும் சேருங்கள். காய்ந்த ஈஸ்டை நேரே தூவினால் மது அதைக் கொன்றுவிடும்.

முட்டை நாற்றம்: நொதித்தலின் முதல் பாதியில் என்றால் ஊட்டச்சத்து கொடுத்து நன்றாகக் கலக்குங்கள். முடிவில் வந்தால் மண்டியிலிருந்து பிரித்து, ஒருமுறை மட்டும் சலசலக்க ஊற்றி மாற்றி, சல்ஃபைட் போடுங்கள்.

வெண்ணிற மெல்லிய ஏடு: குடுவையில் காற்று இடம் இருந்திருக்கிறது. ஏட்டை எடுத்துவிட்டு, சல்ஃபைட் சேர்த்து, கழுத்துவரை நிரப்புங்கள்.

ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாசம்: சார்பேட்டை லாக்டிக் பாக்டீரியா தின்றிருக்கிறது. மருந்து இல்லை. சார்பேட்டைச் சல்ஃபைட் இல்லாமல் தனியாகப் போட்டதன் விளைவு.

காடி வாசம்: இதற்கும் திரும்பும் வழி இல்லை. ஆனால் கொட்ட வேண்டாம். ஏர்லாக்கைக் கழற்றி, வாய்க்குத் துணி கட்டி, மற்றக் கருவிகளிலிருந்து தள்ளி இரண்டு மாதம் விட்டால் நல்ல திராட்சைக் காடி. வெங்காய ஊறுகாய்க்கு ஆகும்.